கொத்தனாரும் கடப்பாரையும்

என் தம்பி மருந்து தேடுகிறவன். அவன் தேடிக் கொண்டுவருவது மருந்துதானா என்று பார்க்கிறவள் அவன் மனைவி. இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அதனால் தினமும் காலையில் இருவரையும் ஆய்வுக்கூடத்தில் இறக்கிவிடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் வண்டியின் கூரைமேல் 'பயிற்சி வண்டி' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருக்கும். இரண்டு முனைவர் பட்டங்கள் அதன் பின்சீட்டில் ஏறி உட்காருவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். இவர்களுக்கு அது கண்ணில் படாது. கதவைச் சாத்துவதற்குள் வாக்குவாதம் தொடங்கியிருக்கும்.

எங்கள் மாதிரி வண்டிகளில் கற்றுக்கொள்கிறவர் பக்கம் எல்லாம் இருக்கும். சொல்லிக்கொடுப்பவர் பக்கம் ஒரு பிரேக் மட்டும் இருக்கும். எதிரில் வருவதைப் பார்த்து நிறுத்தலாம், அவ்வளவுதான். ஒருவர் தப்புச் செய்யப்போகிறார் என்பது அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக அவருக்குப் பதில் நான் ஓட்ட முடியாது. பல வருஷமாக அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதில் எனக்கு எதற்கும் பதறுவது விட்டுப்போயிற்று.

ஒருநாள் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே நாய் வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார், நானும் மிதித்தேன். நாய் தப்பித்தது. என் முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. அந்தச் சின்ன உலுக்கலுக்கு நசுங்குகிற எலும்பு இந்த வயதில் இருக்கக்கூடாது என்றார் எலும்பு டாக்டர். படத்தைக் காட்டினார். டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி இருந்தது. இனி இப்படி இன்னொன்று நசுங்கினால் வண்டியில் உட்காரவே முடியாது என்றும் சொல்லிவைத்தார். வண்டியில் உட்காருவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

நம் எல்லோர் உடம்பிலும் எலும்பைக் கவனித்துக்கொள்ள ஒரு ஹார்மோன் ஓடுகிறதாம். அதன் நகலை எனக்குத் தினமும் ஊசியாகப் போட்டார்கள். எலும்பு கொஞ்சம் தேறியது. கூடவே ரத்தத்தில் கால்சியமும் ஏறியது. வாந்தி வந்தது, சிறுநீரகத்தில் கல் வந்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

"நல்லதும் கெட்டதும் ஏன்டா ஜோடி போட்டுக்கிட்டு வருது?" என்று தம்பியைக் கேட்டேன்.

அவன் எதற்கும் உடனே பதில் சொல்கிறவன் இல்லை. அவனிடம் ஒன்று கேட்டுவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். அடுத்த சிக்னல் தாண்டியதும் சொன்னான்.

"செல்லு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. சுவிட்சுன்னு வெச்சுக்கோ. ஹார்மோன் வந்து அதை அழுத்துது. உள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு எலும்பைக் கட்டுது. இன்னொண்ணு எலும்பைக் கரைச்சு கால்சியத்தை ரத்தத்துல விடுது. ஒரே சுவிட்சுல விளக்கும் எரியுது, மிக்சியும் ஓடுது. எங்களுக்கு…"

"விளக்கு மட்டும் எரியணும்," என்று முடித்தாள் அவன் மனைவி. "கட்டறதை நாங்க கொத்தனார்னு சொல்லுவோம் அண்ணி. கரைக்கறதைக் கடப்பாரைன்னு. கடப்பாரையைத் தூங்கவிட்டு கொத்தனாரை மட்டும் எழுப்பற மருந்தைத்தான் தேடறோம்."

அவன் வாக்கியங்களை அவள்தான் முடிப்பாள். இல்லாவிட்டால் பல வாக்கியங்கள் முடியாமலே போயிருக்கும். அவளுக்கு நான் வைத்த பெயர் குடுக்கை. அவசரக்குடுக்கையின் சுருக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். கிளட்சைப் பாதியிலேயே விட்டுவிடுவாள், வண்டி தவளையாகத் துள்ளும். என் முதுகுக்காக நான் ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்காருவேன்.

தம்பி செய்த மருந்துகள் ஒன்றொன்றாக ஊற்றிக்கொண்டன. சில இரண்டு பேரையும் எழுப்பின, சில யாரையும் எழுப்பவில்லை. கடப்பாரையை மட்டும் எழுப்பிய புண்ணியவானும் ஒருவர் உண்டு. பிறகு ஒருநாள் பின்சீட்டில் சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஒரு மருந்தில் கொத்தனார் எழுந்து முழுமூச்சாக வேலை செய்கிறார், கடப்பாரை அசையக்கூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை வரன்களைத் தட்டிக்கழித்த பிறகு குறை சொல்ல முடியாத ஒருவர் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மாப்பிள்ளையைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். தம்பியின் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளுக்குள் காற்று உறிஞ்சிக்கொண்டே இருந்தது. நகப்பூச்சு வாசனை. ஒரு சின்னக் குப்பியின் அடியில் உப்பு மாதிரி கொஞ்சம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் மாப்பிள்ளை. குடுக்கையின் அறை சுத்தமாக, குளிராக இருந்தது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் காட்டினாள். அதில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் செல்கள். மருந்தைச் சொட்டுவிட்டு, தட்டை ஒரு மெஷினுக்குள் தள்ளினால், உள்ளே யார் எழுந்தார் என்பதை அது வெளிச்சத்தை வைத்துப் படித்துச் சொல்லிவிடும்.

"கடப்பாரைக்கு ஒரு தட்டு, கொத்தனாருக்கு ஒரு தட்டு," என்றாள். "கடப்பாரை உடனே எழுந்து கத்திட்டு அடங்கிடும். அதனால மருந்து விட்ட கையோட படிச்சுடணும். கொத்தனார் ஆற அமரத்தான் எழுந்திருப்பார். அரை மணி விட்டுப் படிப்போம்."

"படிச்ச தட்டு?"

"குப்பைக்கு."

அப்போது அதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றியிருக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது தம்பி முன்சீட்டில் உட்கார்ந்தான். வழக்கத்துக்கு மாறாக அவனே பேச ஆரம்பித்தான்.

"அடுத்தது எலிகளுக்குப் போகும். அதுல சரியா வந்தா மனுஷங்களுக்கு. ரெண்டு வருஷம் ஆகலாம். முதல் பேர் உன் பேருதான்க்கா."

"டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. வாரத்துக்கு ஒண்ணு. ஊசியில கட்டினதெல்லாம் கரையறதுக்குள்ள ஆரம்பிக்கச் சொல்றாங்க."

அவன் யோசித்தான். நாங்கள் ஒரு பாலத்தைத் தாண்டினோம்.

"அந்த மாத்திரை எலும்புக்குள்ளயே வருஷக்கணக்கா தங்கிடும். அதைச் சாப்பிட்டவங்களைச் சோதனையில சேர்த்துக்க மாட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்க முடியுமா?"

என் தம்பி சின்ன வயதிலிருந்தே என்னிடம் எதையும் கேட்டு வாங்கியவன் இல்லை. கேட்பதற்குள் பொருள் தீர்ந்துபோயிருக்கும். முதல்முறையாக ஒன்று கேட்கிறான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லி மாத்திரையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். டாக்டர் திட்டினார். தம்பி சொன்னான் என்றேன். உங்கள் தம்பியின் முதுகா உடையப்போகிறது என்று கேட்டார்.  அடுத்தடுத்து எடுத்த ஒவ்வொரு படத்திலும் பிஸ்கட் இன்னும் கொஞ்சம் ஊறித்தான் இருந்தது. ஆனாலும் காத்திருந்தேன். எனக்காக ஒருவன் ஒரு மருந்தையே உண்டாக்குகிறான் என்பது சாதாரண விஷயமா? அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு பின்சீட்டில் சத்தம் நின்றுபோயிற்று.

இவர்கள் விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. என் முன்னால் அவள் அவனை 'நீங்க' என்பாள். ஆராய்ச்சி சூடு பிடித்தால் அது 'நீ' ஆகிவிடும். அதற்கெல்லாம் நான் கவலைப்படமாட்டேன். இப்போது நீயும் இல்லை, நீங்களும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் அவன் இந்தப் பக்க ஜன்னலைப் பார்க்கிறான், அவள் அந்தப் பக்க ஜன்னலைப் பார்க்கிறாள். வீட்டுச் சண்டை போலிருக்கிறது, நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடுக்கை கிளட்சை மெதுவாக விட்டாள். வண்டி வெண்ணெயாக நகர்ந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மூடிக்கிடந்த கடைகளின் முன்னால் இரண்டு சுற்றுப் போனோம்.

"அண்ணி, அந்த மாத்திரையை ஆரம்பிச்சுடுங்க."

"எந்த மாத்திரை?" தெரிந்துதான் கேட்டேன்.

"டாக்டர் குடுத்தது. தள்ளிப்போடாதீங்க."

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் நிறுத்தினாள். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினாள்.

"மெஷின் நடுவுல மாட்டிக்கிச்சு. கடப்பாரைத் தட்டு. பாதி படிச்சதும் நின்னுடுச்சு. மெக்கானிக் வந்து சரிபண்ணி ஓடவிட்டாரு. அது பாட்டுக்கு விட்ட இடத்துலேர்ந்து மீதியைப் படிச்சுது. அப்படி நின்னு படிச்ச தட்டைக் கணக்குல சேர்க்க மாட்டோம், தூக்கிப் போட்டுடுவோம். போடப்போனவ திரையைப் பார்த்துட்டேன். முதல் பாதியில கடப்பாரை தூங்குது. மீதிப் பாதியில ஊரைக் கூட்டுது. ஒரே மருந்து, ஒரே செல்லு."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"உங்க தம்பியும் அதைத்தான் சொன்னார். நானும் அதைத்தான் நினைச்சேன். மறுபடி செஞ்சேன். இந்தத் தடவை தட்டை வெளியில எடுக்காம படிச்சுக்கிட்டே இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "மாப்பிள்ளை கடப்பாரையையும் எழுப்பறார் அண்ணி. என்ன, மெதுவா எழுப்பறார். எழுந்தா அடங்கறதே இல்லை. நாங்க அதுக்கு முன்னாடியே பார்த்துட்டு, தூங்குதுன்னு எழுதிட்டோம்."

"ஏன் அவ்வளவு முன்னாடி பார்த்தீங்க?"

"ஹார்மோனுக்கு அந்த நேரம் போதும். அதை வெச்சுத்தான் எல்லாத்துக்கும் நேரம் குறிச்சிருந்தோம். ஹார்மோன் வேற, மாப்பிள்ளை வேறங்கறது யாருக்கும் தோணல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்தன்று பார்த்துவிட்டு மாப்பிள்ளை தங்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு எந்த மாப்பிள்ளைதான் தங்கமில்லை? நான் சிரித்ததும் அவள் அழ ஆரம்பித்தாள்.

"தம்பிக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நான் பார்த்த அன்னிக்கே."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?"

"மருந்தோட ஒரு முனையைக் கொஞ்சம் மாத்தினா சரியாயிடும்னு நம்பறார். அதைச் செஞ்சு முடிச்சுட்டு உங்ககிட்ட சொல்லலாம்னார். இப்பவே சொன்னா நீங்க மாத்திரையை ஆரம்பிச்சுடுவீங்க. ஆரம்பிச்சுட்டா அப்புறம்…"

மற்றவர் வாக்கியத்தையெல்லாம் முடித்துவைக்கிறவளுக்குத் தன் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மருந்து பொய்த்ததற்கு இல்லை. நானே எத்தனையோ பேருக்கு உரிமம் கிடைக்கும் என்று சொல்லிக் கிடைக்காமல் போயிருக்கிறது. தெரிந்த பிறகும் என்னைக் காக்கவைத்தானே, அதற்குத்தான். என் முதுகெலும்பு என்ன, அவனுடைய வரவேற்பறையா, உட்கார்ந்திரு, கூப்பிடுகிறேன் என்று சொல்ல? இருந்தாலும் வீட்டுக்குப் போய் அவனிடம் சண்டை பிடிக்கவில்லை. அவனிடம் சண்டை பிடித்தால் பதில் வருவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும்.

மறுநாள் காலை இருவரும் ஏறினார்கள். நான் வண்டியைக் கிளப்பவில்லை. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்கினேன். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கவேண்டும், அரை மணி நேரம் படுக்கவோ குனியவோ கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. வண்டிக்காரிகளுக்கென்றே செய்த மாத்திரை.

"அக்கா, வேண்டாம்!"

இத்தனை வயதில் அவன் அவ்வளவு சீக்கிரம் பேசி நான் கேட்டதில்லை. அப்படியும் தாமதம்தான், நான் விழுங்கியிருந்தேன்.

"இன்னும் ரெண்டு மாசம்… புதுசு ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கேன். இதுல கண்டிப்பா…" என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வண்டியை எடுத்தேன்.

அதன்பிறகு அவன் பஸ்ஸில்தான் போனான். குடுக்கை மட்டும் என்னோடு வந்தாள். அவள் சொல்லித்தான் செய்தி தெரிந்தது. எலிகளுக்கு அனுப்புவதைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் தம்பி எழுந்து நின்று, மாப்பிள்ளை சரியில்லை என்று தானே சொல்லியிருக்கிறான். சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்றாம். நடுவில் அவன் நிறுத்தியபோது முடிந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் விளக்கைப் போட்டுவிட்டாராம். இனிமேல் எந்தத் தட்டையும் ஒரே தடவை படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதில்லை என்று முடிவாயிற்று. தம்பி வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னாள்.

"ராஸ்கல், பட்டினி கிடக்கட்டும்," என்றேன். ஆனால் அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் மாத்திரையை ஆரம்பித்ததற்குப் பாராட்டினார். பாராட்டிய கையோடு அடுத்ததையும் சொன்னார். இந்த மாத்திரை இருப்பதைக் காப்பாற்றும், போனதைக் கட்டித் தராது. கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிடுங்கள். இன்னொரு நாய் குறுக்கே வந்தால் தாங்காது. நீங்களே ஓட்டுவதானால் பரவாயில்லை, அடுத்தவர் கால் போடும் பிரேக்குக்கு உங்கள் முதுகைக் கொடுக்காதீர்கள். நான் சரி என்றேன். நான் வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளியின் முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை அலுவலகத்தில் உட்காரச் சொன்னார். கூரைப் பலகையைக் கழற்றியபோது அதன் அடியில் பெயிண்ட் பளபளவென்று புதிதாக இருந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் தம்பி வந்தான். குடுக்கை அன்றைக்கு முன்னாலேயே போயிருந்தாள். அவன் பின்கதவைத் திறக்கவில்லை. சுற்றிவந்து ஓட்டுகிறவர் பக்கம் நின்றான்.

"தள்ளி உட்காரு. எனக்குச் சொல்லிக்குடு."

"நீதான் பரீட்சையில தோத்துட்டு இனிமே தொடமாட்டேன்னியே."

"தொடறேன்."

"டாக்டர் யார் பக்கத்துலயும் உட்காரக்கூடாதுன்னுட்டாங்கடா. பிரேக் போட்டா முதுகு தாங்காது."

யோசித்தான். தெருமுனையில் ஒரு குப்பை வண்டி வந்து, நின்று, ஏற்றிக்கொண்டு போயிற்று.

"நான் பிரேக் போடற வேகத்துக்குப் போகமாட்டேனே," என்றான்.

அது உண்மை. உலகத்தில் நான் பயமில்லாமல் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரே மாணவன் அவன்தான். தலையணையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவன் சீட்டைச் சரிசெய்தான், கண்ணாடியைச் சரிசெய்தான், மறுபடியும் சீட்டைச் சரிசெய்தான். வண்டி கிளம்பியது. ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயிற்று. பிறகு கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தாண்டிப் போனாள்.

"அக்கா."

"ரோட்டைப் பாரு."

"புதுசு வந்துடுச்சு. முனையை மாத்தினது. ரெண்டு நாள் விடாம அவ படிச்சுப் பார்த்துட்டா. கொத்தனார் மட்டும்தான். கடப்பாரை எழவே இல்லை." அவன் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. "இதுதான்க்கா அது. உனக்காகத்தான் ஆரம்பிச்சேன். இனிமே நான் யாருக்காகச் செய்யறது?"

எனக்கு வந்தது சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று கேட்டால் இரண்டும்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ற எண்ணம் வரத்தான் செய்தது. வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போகவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள் என் முதுகு என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"முகம் தெரியாத யாருக்காவது செய்," என்றேன். "அவங்களுக்கும் முதுகு இருக்கும். எப்ப வரும்னு உன்னைக் கேக்கவும் மாட்டாங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஸ்டியரிங்கை விடலாமா என்று என்னைப் பார்த்தான். கூடாது என்று தலையசைத்தேன். என் கைக்குட்டையால் நானே துடைத்துவிட்டேன். சிக்னலில் நின்றோம், பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் கிளட்சை எவ்வளவு மெதுவாக விட முடியுமோ அவ்வளவு மெதுவாக விட்டான். என் முதுகுக்கு வண்டி நகர்ந்ததே தெரியவில்லை.

பாலத்தைத் தாண்டும்போது கேட்டான்.

"எப்படி ஓட்டறேன்?"

"இப்பவே சொல்ல முடியாது," என்றேன். "ஓட்டு."